ஃபிராக் டென் ஷ்டாட்: ஓட்டில்லாத எனக்கும் பதில் வாங்கித் தந்த இணையதளம்

பெர்லினில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன விளையாட்டுத் திடல் உண்டு. இரண்டு ஊஞ்சல், ஒரு மணல்தொட்டி, ஒரு சறுக்கு, மரத்தூண்களில் நிற்கும் ஏறு கோபுரம் ஒன்று. 2023 மார்ச்சில் ஒரு நாள் காலை இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது பார்க்கிறேன், சுற்றிலும் கம்பி வேலி. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்குகிறது: பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடப்பட்டுள்ளது. எப்போது திறப்பார்கள் என்று தேதி இல்லை. யாரைக் கேட்பது என்று தொலைபேசி எண்ணும் இல்லை.

மகனுக்கு அப்போது ஐந்து வயது. கோடை முழுக்க அந்த வேலியில் முகத்தை வைத்துக்கொண்டு ஊஞ்சலையே பார்ப்பான். "அம்மா, ஊஞ்சலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பான். எங்கள் பகுதி பெசிர்க்ஸ்ஆம்ட்டுக்கு, அதாவது நம் ஊர் மாநகராட்சி மண்டல அலுவலகம் போன்ற இடத்துக்கு, இரண்டு முறை போன் செய்தேன். ஒருவர் பூங்காத் துறையைக் கேளுங்கள் என்றார். பூங்காத் துறையில் எடுத்தவர் கட்டுமானப் பிரிவைக் கேளுங்கள் என்றார். என் ஜெர்மன் வேலைக்குப் போதும், முதியோர் இல்லத்தில் நோயாளிகளோடு பேசப் போதும். அலுவலகத்தில் போனை எடுத்து அவசரமாகப் பேசுகிறவர்களிடம் அது போதவில்லை. இலை உதிர்ந்தது, பனியும் வந்தது, வேலி மட்டும் அப்படியே நின்றது.

என்னோடு இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு ஜெர்மன் அக்காதான் சொன்னார்: "ஃபிராக் டென் ஷ்டாட்டில் போடு." அரசைக் கேள் என்று அர்த்தம். அந்தத் தளத்தை இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் இருக்கும் தமிழர்கள் பலருக்கு இது தெரியவே இல்லை. தெரிந்த சிலரும் "அதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறு, ஏன் தவறு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். ஜெர்மனியில் மத்திய அரசுக்கான தகவல் சுதந்திரச் சட்டம் 2006 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் வந்தது, கிட்டத்தட்ட ஒரே சமயம். அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாதே. எந்த அலுவலகத்துக்கு எழுதுவது, எந்தப் பிரிவைச் சொல்வது, பதில் வராவிட்டால் என்ன செய்வது? இந்த மூன்றையும் சாதாரண ஆளுக்கு எளிதாக்கத்தான் 2011இல் ஷ்டெஃபான் வேர்மையர் இந்தத் தளத்தைத் தொடங்கினார். ஓபன் நாலெட்ஜ் ஃபவுண்டேஷன் டாய்ச்லாண்ட் என்ற பெர்லின் தொண்டு அமைப்பு நடத்துகிறது. இலவசம், நன்கொடையை நம்பி ஓடுகிறது.

நான் மனு போட்டது ஒரு இரவு இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் இடைவேளையில். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தேடும் பெட்டியில் அலுவலகத்தின் பெயரை அடித்தால் வருகிறது. தலைப்பு எழுத வேண்டும், என்ன ஆவணம் வேண்டும் என்று எழுத வேண்டும். மற்றதெல்லாம் தளமே எழுதி வைத்திருக்கிறது: மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, பின்வருவதை எனக்கு அனுப்பவும்; இது எளிய தகவல் என்பது என் கருத்து, ஆகவே கட்டணம் வராது; கட்டணம் உண்டு என்று நீங்கள் கருதினால் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவிக்கவும். கீழே சட்டப் பிரிவுகள் வரிசையாக நிற்கின்றன. அந்த நான்கைந்து வரியை நானே ஜெர்மனில் எழுத உட்கார்ந்திருந்தால் விடிந்திருக்கும். எழுதினாலும் அதில் அந்த உறுதி இருந்திருக்காது.

இங்கே ஒரு பாடம். முதலில் நான் "ஏன் மூடினீர்கள்?" என்று எழுதினேன். இந்தச் சட்டத்தில் கேள்வி கேட்பதை விட ஆவணம் கேட்பதுதான் வேலைக்கு ஆகும். ஏன் என்று கேட்டால் ஒரு வரியில் ஏதாவது சொல்லி முடித்துவிடலாம். காகிதத்தைக் கேட்டால், இருக்கிறதா இல்லையா என்று சொல்லியே ஆக வேண்டும். அழித்துவிட்டு மூன்று வரியாக மாற்றினேன்: அந்தத் திடலின் கடைசிப் பாதுகாப்பு ஆய்வறிக்கை, மூடுவதென்ற முடிவு எழுதப்பட்ட குறிப்பு, திரும்பத் திறப்பதற்கான திட்டம் அல்லது ஒப்பந்தம்.

அனுப்பு என்று அழுத்தியதும் என் மனுவுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாகிறது. அலுவலகம் அந்த முகவரிக்குப் பதில் எழுதும். எழுதியது தளத்தில் என் மனுவின் பக்கத்தில் வந்து நிற்கும். என் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று குறித்திருந்தேன், அதனால் அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும். மற்றபடி நான் கேட்டது என்ன, அவர்கள் சொன்னது என்ன, எத்தனை நாள் ஆயிற்று எல்லாமே ஊருக்குத் தெரியும். ஒரு மாதக் காலக்கெடு என்று தேதி போட்டுக் காட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கலாம், பத்திரிகைக்காரர் பார்க்கலாம், அதே அலுவலகத்தின் மேலதிகாரியும் பார்க்கலாம்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டையில் அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவிளக்கு, சாக்கடை, ரேஷன் கடை என்று எதற்கும் தகவல் மனு போடுவார். வெள்ளைத்தாளில் கையால் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை தபால்காரருக்காகத் திண்ணையில் காத்திருப்பார். எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோவுக்குள் வைத்திருப்பார். அந்தப் பை நிறையக் காகிதம், ஆனால் அதைப் பார்த்தது அப்பா மட்டும்தான். பக்கத்துத் தெருக்காரர் அதே தெருவிளக்குக்காக மறுபடியும் முதலிலிருந்து எழுதுவார். ஃபிராக் டென் ஷ்டாட் செய்த பெரிய வேலை அந்த மஞ்சப்பையை ஊர் நடுவில் திறந்து வைத்தது. நான் மனு போடும் முன் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுத் திடல் பற்றி வேறு ஊர்களில் கேட்டிருந்த மனுக்கள் கிடைத்தன. எப்படிக் கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, பதில் வந்ததா? ஆறாம் நாள் ஒரு வரி வந்தது, மனு கிடைத்தது என்று. அப்புறம் மௌனம். ஒரு மாதம் முடிந்த அன்று காலை, காலக்கெடு தாண்டிவிட்டது என்று தளமே எனக்கு மின்னஞ்சல் அனுப்பியது. நினைவூட்டல் கடிதமும் தயாராக இருந்தது. அனுப்பினேன். அதற்குப் பதிலாக என் வீட்டு முகவரியைக் கேட்டார்கள். கொஞ்சம் பயம்தான். விசா நீட்டிப்புக்கு வேறு அலுவலகத்தில் என் காகிதங்கள் கிடக்கும் நேரம் அது. ஒரு அரசு அலுவலகத்தைக் கேள்வி கேட்டால் இன்னொரு அலுவலகத்தில் நம் கோப்பு நின்றுவிடுமோ என்ற பயம் நம் ரத்தத்திலேயே இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகவரி கேட்பது சரியா என்பதே இங்கே பெரிய வழக்காக நடந்தது. ஃபிராக் டென் ஷ்டாட் வழியாக வரும் மனுக்களுக்கு உள்துறை அமைச்சகம் தபால் முகவரி கேட்கலாமா என்ற வழக்கில், கேட்கலாம் என்று மத்திய நிர்வாக நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்பு ஆணையர் அதற்கு எதிரான நிலையில் இருந்தார். தகவல் கேட்பவர் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதும் டிஜிட்டல் உரிமைதான். இந்தத் தீர்ப்பு எனக்கு வருத்தம் தந்தது. தளத்தில் நாம் கொடுக்கும் முகவரி பொதுப் பக்கத்தில் தெரியாது, அலுவலகத்துக்கு மட்டும் போகும். அந்த அளவில் நிம்மதி.

அடுத்து, கட்டணம் வரலாம் என்று எழுதினார்கள், தொகை போடவில்லை. எவ்வளவு என்று முன்னதாகச் சொல்லச் சொல்லித்தான் மனுவிலேயே எழுதியிருக்கிறதே என்று பதில் போட்டேன். மத்தியச் சட்டத்தில் எளிய தகவலுக்குக் கட்டணம் இல்லை, அதிகபட்சம் 500 யூரோ வரை போகலாம். மாநிலங்களில் கணக்கு வேறு வேறு. நம் ஊரில் மனுவுக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வரும் என்றே தெரியாமல் இருப்பதுதான் இங்கே மக்களைப் பின்வாங்க வைக்கிறது. கடைசியில் எனக்குக் கட்டணம் போடவில்லை.

பத்து வாரம் கழித்து, தபாலில், தடித்த உறையில் வந்தது. ஒன்பது பக்கம். சமையலறை மேசையில் வைத்து போனில் படம் எடுத்து ஏற்றினேன். ஏற்றும்போது தளத்திலேயே கறுப்புப் பட்டை போடும் வசதி இருக்கிறது. விரலால் இழுத்து என் பெயர், முகவரி, கையெழுத்துப் போட்ட கீழ்நிலை ஊழியரின் பெயர் எல்லாவற்றையும் மறைத்தேன். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அப்போதுதான் ஐந்தாம் பக்கத்துப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். ஏறு கோபுரத்தின் தூண், மண்ணோடு சேரும் இடத்தில். யாரோ ஒரு ஸ்க்ரூடிரைவரை அந்த மரத்துக்குள் சொருகி, அது நிற்கும்படி விட்டுப் படம் எடுத்திருக்கிறார். பிடியைத் தவிர மற்றதெல்லாம் உள்ளே போயிருக்கிறது. அடியில் உளுத்துப்போன மரம். என் மகன் அதன் மேலே ஏறி நின்று கையை ஆட்டிய படம் என் போனில் இருக்கிறது. மூடியது சரிதான், அந்தப் படத்தைப் பார்த்ததும் மூடியவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஆனால் அடுத்த பக்கத்தில் ஒரு அட்டவணை. ஊஞ்சல்: குறையில்லை. சறுக்கு: குறையில்லை. மணல்தொட்டி: குறையில்லை. கோபுரம் மட்டும் அகற்றப்பட வேண்டும், அதற்கு நிதி அடுத்த ஆண்டு. அதாவது ஒரு கோபுரத்துக்காக முழுத் திடலும் பூட்டிக் கிடந்தது. தனி வேலி போட்டு மற்றதைத் திறக்கலாமா என்று யாரும் யோசித்ததாக அந்த ஒன்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாவட்ட மன்றத்துக்குப் போனேன். பெர்லினில் ஒவ்வொரு மாவட்ட மன்றத்திலும் குடியிருப்போர் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. குடிமக்கள் என்று இல்லை, குடியிருப்போர் என்றுதான் பெயர். எழுதி வைத்த நான்கு வரியை வாசித்தேன், குரல் நடுங்கியது, பக்க எண்ணைச் சொல்லி அட்டவணையைக் காட்டினேன். ஏழு வாரம் கழித்து வேலியை நகர்த்தினார்கள். கோபுரத்தைச் சுற்றி மட்டும் கம்பி, ஊஞ்சல் வெளியே.

இப்போது அந்த "அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்" விஷயம். நான் ஜெர்மன் குடிமகள் இல்லை. பெர்லினில் வேலை செய்கிறேன், வரி கட்டுகிறேன், ஓட்டு கிடையாது. இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அந்த உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. ஜெர்மன் சட்டம் எவருக்கும் என்கிறது. பெர்லின் மாநிலச் சட்டம் இன்னும் அழகாகச் சொல்கிறது: ஒவ்வொரு மனிதருக்கும். அகதியாக வந்து முடிவுக்காகக் காத்திருப்பவர், படிக்க வந்த மாணவர், நேற்று வந்து இறங்கியவர், எல்லாருமே அதில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களைக் கேட்கும் விதியிலும் ஒன்றியத்தில் குடியிருக்கும் எவரும் கேட்கலாம் என்றே இருக்கிறது. அதற்கு ஆஸ்க் தி இயூ என்று தனியாக ஒரு தளம் உண்டு, மாட்ரிடில் இருக்கும் அக்செஸ் இன்ஃபோ யூரோப் என்ற அமைப்பு தொடங்கியது.

இந்தச் சேவையைப் பற்றி எழுதும்போது அதை நடத்துகிறவர்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது. ஏனென்றால் வெறும் படிவம் நிரப்பும் தளமாக இருந்திருந்தால் நான் மாதம் 5 யூரோ அனுப்ப மாட்டேன். இவர்கள் கேட்டு வாங்கியதை வெளியிடுகிறார்கள், மறுத்தால் வழக்குப் போடுகிறார்கள், அவர்கள் மீதும் வழக்கு வருகிறது.

கிளைபோசேட் களைக்கொல்லி பற்றிய ஒரு அரசு ஆய்வுக் குறிப்பை 2019இல் வெளியிட்டார்கள். மத்திய அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், அது எங்கள் பதிப்புரிமை என்று சொல்லி நீதிமன்றத்தில் தடை வாங்கியது. மக்கள் பணத்தில் எழுதிய ஆறு பக்கத்துக்குப் பதிப்புரிமை! இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாங்கள்தானே வெளியிடக் கூடாது, நீங்கள் ஒவ்வொருவரும் கேளுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்கள் அதே ஆவணத்தைக் கேட்டு மனு போட்டார்கள். நிறுவனம் அச்சிடவோ சேமிக்கவோ முடியாதபடி, ஏழு நாள் மட்டும் திரையில் படிக்கும் வசதி செய்து கொடுத்தது. 2021இல் கொலோன் உயர் நீதிமன்றம் வெளியிட்டது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. பதிப்புரிமையை வாயை அடைக்கும் துணியாகப் பயன்படுத்துவது எவ்வளவு ஆபத்து என்று எனக்குப் புரிந்தது இந்த வழக்கில்தான்.

எனக்கு மிக நெருக்கமானது வேறொன்று. 2000 முதல் 2007 வரை என்எஸ்யூ என்ற நவநாஜிக் கூட்டம் இந்த நாட்டில் பத்துப் பேரைக் கொன்றது. பூ விற்றவர், தையல்காரர், காய்கறிக் கடைக்காரர் என்று எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளி, ஒருவர் கிரேக்கர், ஒருவர் ஜெர்மன் பெண் போலீஸ்காரர். நம்மைப் போலப் பிழைக்க வந்த குடும்பங்கள். போலீஸ் பல ஆண்டுகள் கொல்லப்பட்டவர்களின் வீட்டாரையே சந்தேகப்பட்டது. பத்திரிகைகள் அதற்கு டோனர் கொலைகள் என்று பெயர் வைத்து எழுதின. சாப்பாட்டுப் பெயரை வைத்து மனிதர்களின் சாவை எழுதிய அந்தச் சொல் 2011ஆம் ஆண்டின் மோசமான சொல்லாகத் தேர்வானது. காஸல் நகரில் 2006 ஏப்ரலில் 21 வயது ஹாலித் யோஸ்காட்டை அவருடைய இணையக் கடையிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஹெஸ்ஸன் மாநில உளவுத்துறை ஊழியர் ஒருவர் அன்று அந்தக் கடைக்கு வந்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அந்த உளவுத்துறை தன் கோப்புகளைத் தானே ஆராய்ந்து எழுதிய அறிக்கையை 120 ஆண்டு ரகசியம் என்று பூட்டினார்கள். 2134 வரை. பிறகு 30 ஆண்டாகக் குறைத்தார்கள். வெளியிடச் சொல்லி 1,30,000க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டும் நடக்கவில்லை. 2022 அக்டோபரில் ஃபிராக் டென் ஷ்டாட்டும் இசட்டிஎஃப் மகசின் ரோயால் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியும் சேர்ந்து அதை வெளியிட்டன. கொடுத்தவரைக் காப்பாற்ற முழு ஆவணத்தையும் புதிதாகத் தட்டச்சு செய்து போட்டார்கள். வலதுசாரித் தீவிரவாதிகளிடம் ஆயுதம் இருப்பதாக வந்த தகவல்களை உளவுத்துறை சரியாகப் பின்தொடரவில்லை என்பது அதில் இருக்கிறது. நான் முழுவதும் படித்தேன். அகராதி வைத்துக்கொண்டு, நான்கு இரவு.

தோற்ற வழக்குகளும் உண்டு. மத்தியத் தரைக்கடலில் ரோந்து சென்ற கப்பல்களின் விவரத்தைக் கேட்டு ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரொன்டெக்ஸ் மீது இந்தத் தளத்தைச் சேர்ந்த ஆர்னே செம்ஸ்ரோட்டும் லூயிசா இசுஸ்கிசாவும் போட்ட வழக்கு 2019இல் தோற்றது. தோற்றதோடு விடாமல், வக்கீல் செலவு 23,700 யூரோவைக் கொடு என்று ஃப்ரொன்டெக்ஸ் கேட்டது. நீதிமன்றம் அதை 10,520 யூரோவாகக் குறைத்தது. கேள்வி கேட்ட இரண்டு பேரிடம் ஒரு ஐரோப்பிய நிறுவனம் இப்படிப் பணம் கேட்டால், அடுத்து யார் துணிந்து கேட்பார்கள்? 2022இல் அதே ஃப்ரொன்டெக்ஸ் பற்றிய ஐரோப்பிய மோசடித் தடுப்பு அலுவலகத்தின் ரகசிய விசாரணை அறிக்கையை டெர் ஷ்பீகல், லைட்ஹவுஸ் ரிப்போர்ட்ஸ் ஆகிய செய்தி நிறுவனங்களோடு சேர்ந்து வெளியே கொண்டுவந்ததும் இவர்கள்தான்.

2024 அக்டோபரில் பெர்லின் நீதிமன்றம் இந்தத் தளத்தின் தலைமை ஆசிரியரான அதே ஆர்னே செம்ஸ்ரோட்டைக் குற்றவாளி என்றது. லெட்ஸ்ட் கெனெரட்சியோன் என்ற காலநிலைப் போராட்டக் குழு மீதான விசாரணையின் நீதிமன்ற உத்தரவுகளை, விசாரணை நடக்கும்போதே வெளியிட்டதுதான் குற்றம். அந்தக் குழுவின் பத்திரிகைத் தொடர்பு எண்ணையே ஒட்டுக்கேட்க அனுமதித்த உத்தரவும் அதில் ஒன்று. பத்திரிகையாளர்கள் அந்த எண்ணில் பேசியதெல்லாம் பதிவானது. அதைப் பற்றி எழுதும் செய்தியில் அந்த உத்தரவையே காட்டக் கூடாது என்கிறது சட்டம். 1,000 யூரோ அபராதத்தை நிறுத்தி வைத்து எச்சரிக்கை கொடுத்தார்கள். தண்டனை சிறியதுதான், ஆனால் குற்றவாளி என்ற சொல் சிறியதில்லை.

இனி குறைகளைச் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. தளம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். கொஞ்சமாவது ஜெர்மன் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் நல்லது. அலுவலகம் மறுத்தால் தளத்தால் கட்டாயப்படுத்த முடியாது. தகவல் சுதந்திர ஆணையரிடம் சமரசம் கேட்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதில் நேரம் நிறையப் போகும். எல்லோருக்காகவும் அவர்கள் வழக்காட மாட்டார்கள், பொதுவாகப் பலருக்கும் பயன்படும் வழக்கைத்தான் எடுப்பார்கள். அது நியாயம்தான், ஆனால் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

மியூனிக்கிலும் ஹனோவரிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: பயர்ன், நீடர்சாக்ஸன் இரண்டு மாநிலத்திலும் இந்தச் சட்டமே இல்லை. அங்கே மாநில அலுவலகங்களிடம் பெரும்பாலும் சுற்றுச்சூழல் தகவல், உணவுப் பாதுகாப்புத் தகவல் போன்ற வேறு சட்டங்களை வைத்துத்தான் கேட்க முடியும்; மியூனிக் போன்ற சில நகரங்கள் தங்கள் நகர அலுவலகங்களுக்கு மட்டும் தனி விதி வைத்திருக்கின்றன. மத்திய அரசு அலுவலகம் என்றால் எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம். நம் மக்கள் அதிகம் இருக்கும் நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலனில் 2002 முதலே சட்டம் இருக்கிறது, தயங்க வேண்டாம்.

டோப்ஃப் சீக்ரெட் என்று ஒரு பகுதி உண்டு, 2019 ஜனவரியில் ஃபுட்வாட்ச் என்ற நுகர்வோர் அமைப்போடு சேர்ந்து தொடங்கியது. வரைபடத்தில் ஒரு உணவகத்தைத் தொட்டால் அதன் சுகாதார ஆய்வறிக்கையைக் கேட்கலாம். நல்ல வசதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கான நுகர்வோர் தகவல் சட்டப்படி கடைக்காரருக்குத் தகவல் போகும், அவர் கேட்டால் மனு போட்டவரின் பெயரும் முகவரியும் அவருக்குக் கொடுக்கப்படும். உங்கள் ஊரில் இருப்பதே ஒரே ஒரு தமிழ்க் கடை என்றால் யோசித்துச் செய்யுங்கள். சின்னச் சமூகத்தில் இது பெரிய மனக்கசப்பில் முடியும். என்னைக் கேட்டால், கேட்பவரின் பெயரைக் கொடுக்கும் அந்த விதியை மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 மார்ச்சில் புதிய மத்திய அரசு அமைப்பதற்கான கூட்டணிப் பேச்சுவார்த்தைத் தாள்களை இதே தளம் வெளியிட்டது. தகவல் சுதந்திரச் சட்டத்தை இப்போதுள்ள வடிவத்தில் ஒழிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு எழுதியிருந்தது அதில் வெளிச்சத்துக்கு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. கடைசி ஒப்பந்தத்தில் ஒழிப்பது என்பது சீர்திருத்துவது என்று மாறியது. எப்படிச் சீர்திருத்துவார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எவருக்கும் என்ற அந்தச் சொல்லில் கை வைத்தால் முதலில் வெளியே நிற்கப்போவது நம்மைப் போன்றவர்கள். இந்தச் சட்டம் இருக்கும்போதே பயன்படுத்துங்கள்.

போன மாதம் வீடியோவில் அப்பாவுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஒன்பது பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னார். ஜெர்மன் தெரியாது, ஆனால் கடிதத் தேதிகளை எல்லாம் விரல் விட்டு எண்ணினார். ஸ்க்ரூடிரைவர் படம் வந்ததும் நிறுத்தச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். மின்கம்பம் உளுத்துவிட்டதா என்று பார்க்க அவரும் அப்படித்தான் குத்திப் பார்ப்பாராம்.

"இதை யாரு வேணும்னாலும் பாக்கலாமாம்மா?"

"ஆமாப்பா."

"அப்ப அடுத்தது என்ன கேக்கப் போற?"

மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். முதல் மாடியில் பிள்ளைகளின் கழிப்பறை ஆறு மாதமாகப் பூட்டியிருக்கிறது. பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தையும் கடைசி ஆய்வுக் குறிப்பையும் கேட்டு மனு போட்டுவிட்டேன். காலக்கெடு இந்த மாதம் 14ஆம் தேதி.